நாலேமுக்கால் அடிப் பாலம்: நாலரை ஏக்கருக்கு டிராக்டர் தேர்ந்த ஒரு நிகழ்வு ஆய்வு

விவசாயக் கருவிகள் பழுது பார்க்கும் பட்டறையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். "எந்த டிராக்டர் வாங்கலாம்?" என்று வருகிறவர்களுக்கு ஒரு காலத்தில் உடனே ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். இந்தக் குடும்பத்தோடு மூன்று வருடம் கூடவே இருந்து பார்த்த பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. நடந்ததை அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள் இல்லை. எண்கள் எல்லாம் அவர்கள் வீட்டு நோட்டில் இருந்தவை.

பின்னணி

ஈரோடு மாவட்டம், கோபிசெட்டிபாளையம் பக்கம். கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை இரண்டு வாய்க்காலும் சேர்ந்து 24,504 ஏக்கருக்குத் தண்ணீர் தருகின்றன. தண்ணீர் திறந்துவிட்டால் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அண்ணன், தம்பி இரண்டு குடும்பம். அண்ணனுக்கு நாலரை ஏக்கர், தம்பிக்கு மூன்றேமுக்கால். அப்பா காலத்தில் ஒன்றாக இருந்த நிலம் பாகப்பிரிவினையில் நீள நீளமான துண்டுகளாகப் பிரிந்தது. தண்ணீர், மண், தடம் எல்லாவற்றிலும் இருவருக்கும் சம பங்கு வரவேண்டும் என்று பெரியவர்கள் அப்படிப் பிரித்தார்கள். நியாயமான பிரிப்புதான். ஆனால் பெரிய வண்டி உள்ளே போய்த் திரும்ப வேண்டிய காலம் வரும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

அண்ணன் நிலத்தில் தென்னை 2 ஏக்கர். அதில் பாதியில் ஊடுபயிராக வாழை. மஞ்சள் 1 ஏக்கர், சொட்டுநீர் போட்டது. நெல் ஒன்றரை ஏக்கர்: 70 சென்ட் தார் ரோட்டை ஒட்டி இருக்கிறது, மீதி 80 சென்ட் உள்வயல், 40 சென்ட்டாக இரண்டு துண்டு. ஒவ்வொரு துண்டும் 42 அடி அகலம், 415 அடி நீளம்.

2022 தை மாதம் அண்ணன் பட்டறைக்கு வந்தார். மருமகன் 45 குதிரைத்திறன் வண்டி ஒன்றைப் பேசி முடித்துவிட்டிருந்தார். டிரெய்லரும் சேர்த்து வாங்கி, நம் வேலை போக மீதி நாளில் செங்கல், மணல் வாடகைக்கு ஓட்டினால் தவணை தானாகக் கட்டிக்கொள்ளும் என்பது அவர் யோசனை.

"ஏனுங் தம்பி, வண்டி நல்ல வண்டிதானுங்களே?" என்று என்னிடம் கேட்டார் அண்ணன்.

வண்டி நல்ல வண்டிதான். ஆனால் விவசாய உபயோகம் என்று பதிவு செய்த டிராக்டரில் செங்கல் வாடகை அடித்தால், ஒரு விபத்து நேரும்போது காப்பீடு கை கொடுக்காது என்பதை முதலில் சொன்னேன். வாடகை ஓட்டத்துக்குப் பதிவே வேறு. பிறகு "நான் வந்து காட்டைப் பார்க்கிறேன், அதுவரைக்கும் முன்பணம் கொடுக்காதீங்க" என்றேன்.

போய்ப் பார்த்தபோது

உள்வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் போக ஒரே வழிதான்: கிளை வாய்க்காலின் மேல் கல் பலகை போட்ட சின்னப் பாலம். இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர். அண்ணனின் மனைவி (இனி அக்கா) டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடித்தேன். நாலேமுக்கால் அடி. மருமகன் பேசி வைத்த வண்டியின் பின்சக்கரம் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை ஐந்தரை அடிக்கு மேல்.

டேப்பைச் சுருட்டிக்கொண்டே அக்கா சொன்னார்: "அப்ப வாடகை வண்டிக்காரங்க உள்வயலுக்கு வராததுக்கு இதுதானுங்களா காரணம்? நாங்க காசு கம்மின்னு வரலைன்னு நெனைச்சுட்டிருந்தோம்."

அதுவும் ஒரு காரணம்தான். 40 சென்ட்டுக்காகப் பெரிய வண்டியை வரப்பு வரப்பாக இறக்கி ஏற்ற எந்த ஓட்டுநரும் விரும்பமாட்டார். இந்தப் பாலத்தில் விரும்பினாலும் முடியாது. உள்வயலை இத்தனை வருடமும் வாடகை பவர் டில்லரை வைத்தும், மூலை முடுக்குகளை ஆள் விட்டு மண்வெட்டியால் கொத்தியும்தான் ஓட்டியிருக்கிறார்கள்.

தோப்பில் தென்னைக்குத் தென்னை 25 அடி இருப்பதால் இடத்துக்குக் குறை இல்லை. வாழை போட்ட பாதியில்தான் சிக்கல். வரிசைகளுக்கு நடுவே ஆறடி, இலை சாய்ந்தால் அதுவும் இல்லை. மஞ்சள் காட்டில் சொட்டுநீர்க் குழாய் மூன்று இடத்தில் ஒட்டுப்போட்டிருந்தது. மூன்றும் வாடகை வண்டி திரும்பிய இடங்கள்.

நெல் வயலில் இன்னொன்றும் பார்க்கவேண்டும். சேற்று வயலுக்கு அடியில் வருடக்கணக்கில் உழுது உழுது இறுகிப்போன ஒரு தட்டு இருக்கும். தண்ணீரை நிறுத்தி வைப்பதும், இறங்கும் மாட்டையும் வண்டியையும் தாங்குவதும் அதுதான். கனமான வண்டியை ஈரத்தில் அடிக்கடி இறக்கினால் அந்தத் தட்டு அங்கங்கே உடையும். பிறகு ஒவ்வொரு போகத்திலும் வண்டி அதே இடத்தில் புதையும். ரோட்டோர 70 சென்ட்டில் அப்படி இரண்டு குழிகள் ஏற்கெனவே விழுந்திருந்தன.

ஒரு வருட நோட்டு

உடனே வாங்க வேண்டாம், ஒரு வருடம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள் என்றேன். என்றைக்கு வண்டி கூப்பிட்டோம், என்றைக்கு வந்தது, எத்தனை மணி ஓடியது, எவ்வளவு கொடுத்தோம். அண்ணனுக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. அக்காதான் 80 பக்க நோட்டு ஒன்றில் 2022 சித்திரையில் ஆரம்பித்தார்.

வருட முடிவில் பெரிய வண்டி வாடகை 21 மணி நேரம், மணிக்கு 1,000 வீதம் 21,000 ரூபாய். உள்வயலுக்கு இரண்டு போகமும் சேர்த்து 9,200. ஆக முப்பதாயிரம் சொச்சம். தம்பி எழுதி வைக்கவில்லை. கூட்டிப் பார்த்து 24,000 வரும் என்றார். இரண்டு வீட்டுக்கும் வருடத்துக்கு 54,000 என்று வைத்துக்கொண்டோம். கோடை உழவுக்கு, அரசே டிராக்டரை வாடகைக்கு விடும் இ-வாடகைத் திட்டத்தில், உழவன் செயலி மூலம் மணிக்கு 500 ரூபாய்க்கு ஒருமுறை வண்டி எடுத்தார்கள். அவசரமில்லாத வேலைக்கு அது நல்ல வழி. முடிந்தவர்கள் இதை முதலில் பார்க்கவேண்டும்.

பணத்தை விட முக்கியமான வரி ஒன்று அந்த நோட்டில் இருந்தது. முதல் போகத்தில் வாய்க்காலில் தண்ணீர் வந்து பதினோராம் நாள்தான் உழவுக்கு வண்டி வந்தது. 25 நாளில் நட வேண்டிய நாற்று 36 நாள் நாற்றாகிவிட்டது. முற்றிய நாற்று தூர் கட்டாது. அக்கா அந்தப் பக்கத்தில் பேனாவை அழுத்தி இரண்டு கோடு போட்டிருந்தார்.

அதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெளிவானது. வேண்டியது வருடம் முழுக்க ஓடும் வண்டி இல்லை. வருடத்தில் இரண்டு வாரம், கேட்ட அன்றைக்கே அந்தப் பாலத்தைத் தாண்டி உள்ளே போகும் வண்டி.

எவற்றை யோசித்தோம், ஏன் விட்டோம்

45 குதிரைத்திறன் வண்டி பாலத்தோடு முடிந்தது. பாலத்தை அகலப்படுத்தலாமே என்று மருமகன் கேட்டார். வாய்க்கால் மேல் இருப்பது நம் பாலம் இல்லை, அனுமதி வாங்கவேண்டும். அதன் பிறகும் உள்வயலுக்குப் போக அடுத்தவர் வரப்புகளைத் தாண்டவேண்டும்.

பவர் டில்லர் இந்த வயலுக்கு அருமையான கருவி. 13 குதிரைத்திறன், பின்னால் நடந்து ஓட்டுவது, மானியமும் கிடைக்கும். ஆனால் அண்ணனுக்கு முழங்கால் தேய்மானம். முழங்கால் ஆழச் சேற்றில் அதைப் பிடித்துக்கொண்டு அரை நாள் நடக்க அவரால் ஆகாது. நாற்பது வயதுக்காரராக இருந்திருந்தால் இதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது, புதிய நான்கு சக்கர இயக்கச் சிறு டிராக்டர், 24 குதிரைத்திறன். அகலம் நாலடிக்குள், எடை பெரிய வண்டியில் பாதிக்கும் குறைவு. முன்சக்கரமும் இழுப்பதால் சேற்றில் எளிதில் புதையாது. எல்லாம் பொருந்தியது, விலை மட்டும் இடித்தது. ரோட்டவேட்டரோடு (சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் கருவி) ஆறரை லட்சத்தைத் தாண்டியது. 5 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதம் 11,122 ரூபாய். வருடத்துக்கு 1,33,000க்கு மேல். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து 54,000 செலவாகும் வேலைக்கு அந்தத் தவணை எந்தக் கணக்கிலும் சேராது. அதைத் தாளில் எழுதி அண்ணன் முன்னால் வைத்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். (2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியது. அன்று அது இருந்திருந்தாலும் இந்த முடிவு மாறியிருக்காது.)

கடைசியில் பழைய சிறு டிராக்டர் ஒன்றை இரண்டு வீடும் பாதிப் பாதி போட்டு வாங்குவது என்று முடிவானது. இதைச் சொன்னது நான் இல்லை, அக்கா. பங்காளிகள் சேர்ந்து வண்டி வாங்கினால் வண்டியும் போகும் உறவும் போகும் என்று அண்ணன் தயங்கினார். அந்தப் பயம் நியாயமானது. பட்டறையில் அப்படிப் பிரிந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால் வாங்கும் முன்பே எழுதிக்கொள்வது என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள்.

பழைய வண்டியைப் பார்த்த நாள்

2023 பங்குனியில் சத்தியமங்கலம் பக்கம் ஒரு வண்டி விலைக்கு வந்தது. நான்கு வருடம் பழையது, மீட்டரில் 840 மணி நேரம். நாங்கள் போனபோது எஞ்சின் மேல் கை வைத்தேன், சூடாக இருந்தது. வருகிறவர்களுக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். நாளைக்கு வருகிறோம், நாங்கள் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். அண்ணனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்காமல் பழைய டீசல் வண்டியை வாங்கவே கூடாது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இரண்டாவது சுற்றிலேயே கிளம்பியது. புகை ஒரு நிமிடத்தில் தெளிந்தது. அடுத்து ரோட்டவேட்டரைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, பக்கத்துச் சுவரில் அதன் மட்டத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டேன். அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்தோம். நாலு விரற்கடை இறங்கியிருந்தது. கருவியைத் தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் கசிகிறது என்று அர்த்தம். பெரிய குறை இல்லை, சரி செய்யக்கூடியதுதான். அதைக் காட்டி 4,05,000 கேட்டவரிடம் 3,70,000க்கு முடித்தோம், ரோட்டவேட்டரும் ஐந்து கொத்துக் கலப்பையும் சேர்த்து. ஆர்.சி. புத்தகத்தில் பழைய கடன் பதிவு நீங்காமல் இருந்தது. வங்கியின் தடையில்லாச் சான்று கைக்கு வந்த பிறகுதான் முழுப் பணமும் கொடுத்தோம்.

அன்று நான் பார்க்கத் தவறியது ஒன்று உண்டு. முன் அச்சின் ஆயில் சீல்களை வெளியே துடைத்துப் பார்த்தேன், ஈரம் இல்லை என்று விட்டுவிட்டேன். ஆயிலை வடித்துப் பார்க்கவில்லை.

பத்திரத்தில் எழுதியது

பத்திரத் தாளில் ஒரு பக்கம். ஓட்டுகிறவர் டீசல் அவரே போடவேண்டும். ஓடும் ஒவ்வொரு மணிக்கும் 150 ரூபாய் பொது உண்டியலுக்கு. வெளியாளுக்கு ஓட்டினால் டீசல் போக வருவதெல்லாம் உண்டியலுக்கு. தண்ணீர் திறக்கும் வாரத்தில் முதல் உரிமை ஒரு போகம் அண்ணனுக்கு, அடுத்த போகம் தம்பிக்கு. மீட்டர் எண்ணை எழுதாமல் சாவியை எடுக்கக்கூடாது. சாவியும் நோட்டும் அக்கா வீட்டு ஆணியில்.

என்ன நடந்தது

முதல் போகம் நன்றாகவே போனது. தண்ணீர் வந்த மூன்றாம் நாள் உள்வயலில் வண்டி இறங்கியது. பாலத்தில் இரண்டு பக்கமும் நாலு விரல் இடைவெளி விட்டுப் போனதை அண்ணன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சிக்கல் மஞ்சள் காட்டில் தொடங்கியது. வண்டியோடு வந்த ரோட்டவேட்டர் நாலடி. சேற்றில் சமாளித்தது, காய்ந்த செம்மண்ணில் எஞ்சின் திணறிக் கறுப்புப் புகை விட்டது. எஞ்சினில் 24 என்று எழுதியிருந்தாலும் பின்னால் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்துசேருவது அதைவிடக் குறைவு. கருவியை அந்த எண்ணுக்குத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். அந்த நாலடி ரோட்டவேட்டரைக் கொடுத்துவிட்டு, மேலே 6,000 போட்டு மூன்றரை அடி ரோட்டவேட்டர் மாற்றினோம். ஏக்கருக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது, ஆனால் வண்டி நோகாமல் ஓடுகிறது.

ஐப்பசியில் தம்பி வயலில் உழுதுகொண்டிருந்தபோது முன் அச்சில் கடகடவென்று சத்தம். போய் ஆயில் மூடியைத் திறந்தேன். பால் கலந்த டீ மாதிரி வடிந்தது. சேற்றுத் தண்ணீர் சீல் வழியாக உள்ளே போய்ப் பல நாள் ஆகியிருக்கிறது. பேரிங், சீல், கூலி எல்லாம் சேர்த்து 14,600 ரூபாய்.

யார் வயலில் ஓடும்போது பழுதானதோ அவர்தான் கொடுக்கவேண்டும் என்று அண்ணன் பக்கம் பேச்சு வந்தது. தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது. இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அக்கா நோட்டை எடுத்து வந்து வாசலில் உட்கார்ந்து கூட்டினார்: வாங்கிய நாளிலிருந்து சேற்றில் ஓடிய மணிகளில் பாதிக்கு மேல் அண்ணன் வயலில். "தண்ணி எப்ப உள்ள போச்சுன்னு யாருக்குங்க தெரியும்?" என்று மட்டும் கேட்டார். செலவு உண்டியலிலிருந்து போனது, குறைந்ததை இருவரும் பாதியாகப் போட்டார்கள். என் தரப்பில், வாங்கும்போதே அந்த ஆயிலை நான் வடித்துப் பார்த்திருக்கவேண்டும் என்று இருவரிடமும் சொன்னேன்.

அதே மாதம் இன்னொன்று. இதை எழுதும்போதும் வயிறு கலங்குகிறது. ரோட்டவேட்டரை முழுக்கத் தூக்கிய நிலையில் இரண்டடி வரப்பின் மேல் தம்பி நேராக ஏற்றினார். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரு முழம் எழும்பின. கிளட்சை மிதித்ததால் வண்டி திரும்பக் கீழே உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் எழும்பியிருந்தால் பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுகிறவரை நசுக்கியிருக்கும். எடை குறைந்த வண்டிதானே என்ற அலட்சியம் எங்கள் எல்லோருக்குமே இருந்தது. இப்போது உயரமான வரப்பில் பின்னோக்கித்தான் ஏற்றுகிறார்கள், இரண்டு இடத்தில் வரப்பைச் சரித்து ஏற்றம் போட்டுவிட்டார்கள். இருக்கைக்குப் பின்னால் கவிழ்ந்தால் காக்கும் இரும்பு வளைவு அந்த வண்டியில் இல்லை.

இரண்டு வருடக் கணக்கு

2025 பங்குனி வரை வண்டி ஓடியது 269 மணி நேரம்: அண்ணனுக்கு 107, தம்பிக்கு 84, பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கு 78. டீசல் 57,000. பராமரிப்பு, காப்பீடு, பழுது, ரோட்டவேட்டர் மாற்றியது எல்லாம் சேர்ந்து 59,600. போட்ட பணத்துக்கு 9 சதவீத வட்டி என்று வைத்தால் 66,600. இப்போது விற்றால் 3,10,000 கிடைக்கும் என்கிறார்கள்; அந்த வகையில் 60,000 தேய்மானம். மொத்தம் 2,43,200. வெளியாளுக்கு மணிக்கு 900 வீதம் ஓட்டியதில் வந்தது 70,200. அதைக் கழித்தால் வருடத்துக்கு 86,500.

வாடகை வண்டிக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தபோது 54,000. ஆக, சொந்த வண்டியால் ஒவ்வொரு வீட்டுக்கும் வருடம் பதினாறாயிரம் கூடுதல் செலவு. ஓட்டுகிறவர்களின் உழைப்பை இதில் சேர்க்கவில்லை. லாபம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்கவேண்டும்.

அந்தப் பதினாறாயிரத்துக்கு என்ன கிடைத்தது? நான்கு போகத்திலும் நாற்று 27 நாளைத் தாண்டவில்லை. சொட்டுநீர்க் குழாய் ஒருமுறை கூட அறுபடவில்லை. தொழுவுரம் சின்ன டிரெய்லரில் தோப்புக்குள்ளேயே போய்ச் சேருகிறது. உள்வயலில் விளைச்சல் கூடியிருக்கிறது. ஆனால் இடையில் நெல் ரகத்தையும் மாற்றியதால் அதை வண்டியின் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. அண்ணனிடம் கேட்டால், தண்ணீர் திறந்த வாரத்தில் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காமல் இருப்பதற்கு அந்தக் காசு தகும் என்கிறார். தம்பி மனைவிக்கு அவ்வளவு உறுதியில்லை. அடுத்த பெரிய பழுது வந்தால் விற்றுவிட்டு வாடகைக்கே போகலாம் என்பது அவர் கட்சி. இரண்டையும் இங்கே பதிகிறேன்.

மறுபடி செய்வதானால்

பழைய வண்டியின் முன் அச்சு, பின் அச்சு, கியர் பெட்டி மூன்றிலும் கொஞ்சம் ஆயிலை வடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவேன். சேற்றில் இறங்கும் வண்டிக்கு ஒவ்வொரு போகம் முடிந்ததும் அதையே செய்யச் சொல்லியிருக்கிறேன், செய்கிறார்கள். இரும்பு வளைவு இல்லாத வண்டியை, விலை எவ்வளவு குறைந்தாலும், வரப்பு அதிகமுள்ள நிலத்துக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். இந்த வண்டிக்குத் தயாரிப்பாளரின் அளவிலேயே ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம். உள்ளூரில் வெல்டிங் வைத்து ஒப்பேற்ற நான் சம்மதிக்கவில்லை.

நோட்டு எழுதும் வருடத்தில் தம்பி வீட்டையும் எழுத வைத்திருக்கவேண்டும். அவர் சொன்ன 24,000 நினைவிலிருந்து வந்த எண். மேலே உள்ள ஒப்பீட்டில் ஆட்டம் கொடுக்கும் கால் அதுதான்.

பத்திரத்தில் இரண்டு வரி விட்டுப்போயிற்று. பழுது யார் வயலில் வந்தாலும் பொதுச் செலவு என்பதை ஐப்பசிச் சண்டைக்குப் பிறகு பின்பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் பங்கை விட்டு விலக நினைத்தால் விலையை எப்படி வைப்பது என்பது இன்னும் எழுதாமலே இருக்கிறது. அடுத்த தண்ணீர் திறப்புக்கு முன் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று அக்கா நாள் குறித்திருக்கிறார்.